கார்டும் நானும் நனைந்த பதினெட்டு நாள்

மழை வந்தால் உங்களுக்கெல்லாம் வெங்காய பஜ்ஜி ஞாபகம் வருகிறது. போன வாரம் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு மழைக்கதை சொன்னீர்கள். ஒருவர் பஜ்ஜி, ஒருவர் காகிதக் கப்பல், ஒருவர் பழைய காதல். என் முறை வந்தபோது முட்டி வலிக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன். முட்டி வலித்தது உண்மைதான், அது எப்போதும் வலிக்கிறது. ஆனால் எழுந்து வந்ததற்குக் காரணம் அது இல்லை. எனக்கு மழை என்றால் தொப்புள் ஞாபகம் வரும். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. அந்த ஊசியை எதற்குப் போடுவார்கள் என்று நம் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என்னை எந்த நாயும் கடிக்கவில்லை என்பதுதான் உங்களுக்குத் தெரியாது. எழுதியே சொல்லிவிடுகிறேன். வாயால் சொன்னால் நடுவில் யாராவது மறுபடியும் பஜ்ஜிக்குப் போய்விடுவீர்கள்.

அப்பா ஸ்டேஷன் மாஸ்டர். ஸ்டேஷன் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். புதுக்கோட்டைக்குத் தெற்கே செம்மண் பொட்டலில் ஒரு ஓட்டுக் கட்டடம், தகரம் போட்ட ஒரு குட்ஸ் ஷெட், இரண்டு குவார்ட்டர்ஸ், அவ்வளவுதான். ஒரு குவார்ட்டர்ஸில் நாங்கள். இன்னொன்றில் பாயிண்ட்ஸ்மேன் ஒண்டிக்கட்டையாக இருந்தார். சிக்னல் இழுப்பது, விளக்கில் எண்ணெய் ஊற்றுவது, அடுத்த ஸ்டேஷன்வரை பாதை காலி என்பதற்கு அடையாளமாக, ஓடுகிற எஞ்சின் டிரைவர் கையில் பிரம்பு வளையத்தைக் கொடுத்து வாங்குவது எல்லாம் அவர் வேலை. அந்த வளையத்தை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சர்க்கஸ் என்று நினைக்கிறார்கள். ஊர் ஒன்றரை மைல் தள்ளி, கண்மாய்க்கு அங்கிட்டு இருந்தது. சமஸ்தானம் போய் இந்தியாவோடு சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு ஒன்பது வயது.

நான் புதுக்கோட்டையில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தேன். லீவுக்கு மட்டும்தான் ஸ்டேஷனுக்கு வருவேன். அந்த ஐப்பசியில் தீபாவளிக்கு நாலு நாள் லீவு விட்டார்கள். நான் வந்து சேர்ந்த மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. சுற்றுவட்டாரத்தில் கண்மாய்கள் உடைந்து, வீடு இழந்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருப்பதாகவும் இப்போதைக்குத் திறக்க மாட்டார்கள் என்றும் அத்தை ஒரு சீட்டு எழுதி பாசஞ்சரில் கொடுத்தனுப்பினாள். நாலு நாள் லீவு பதினெட்டு நாளாக நீண்டது. இன்னொரு குழந்தையாக இருந்தால் குதித்திருக்கும். எனக்கு அந்த வீட்டில் பதினெட்டு நாளை என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஏன் என்று சொல்ல வேண்டும். எனக்கு மூன்று வயது மூத்த அண்ணன் ஒருவன் இருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அதே ஸ்டேஷனில், அதே மாதம், பிளாட்பாரத்தில் நின்று மழையில் ஆட்டம் போட்டான். அப்பா டிக்கெட் ஜன்னல் ஓரம் நின்று அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காய்ச்சல், அப்புறம் ஜன்னி. ஐந்தாம் நாள் அவன் இல்லை. மழையில் நனைந்தா ஒரு பிள்ளை செத்துப்போகும்? அது வேறு ஏதோ காய்ச்சல் என்று இன்றைக்கு எந்த டாக்டரும் சொல்வார். அப்பாவுக்கு அன்றைக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. சிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த குற்றத்தை அவர் தன் தலையில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒரே சட்டம்தான். என் தலையில் ஒரு சொட்டு மழை விழக்கூடாது. கழிவறைக்குப் போனால்கூட அம்மா குடை பிடித்துக்கொண்டு வரவேண்டும்.

அப்பா கொடுமைக்காரர் இல்லை. என்னை 'ஆத்தா' என்றுதான் கூப்பிடுவார், பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக ஞாபகமே இல்லை. ஆனால் அண்ணன் போனபிறகு அவர் பேச்சு குறைந்துவிட்டது. அம்மாவுக்கும் குறைந்துவிட்டது. வீட்டில் மூன்று பேர் இருந்தோம், மூன்று பேரும் தனித்தனியாக இருந்தோம். ஓட்டில் விழுகிற மழைச் சத்தமும் ஸ்டேஷனிலிருந்து வரும் தந்திப் பெட்டியின் 'கட் கட்' சத்தமும்தான் அந்த வீட்டில் கேட்கும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று என் உள்ளங்கையில் துரு வாசனை ஏறியிருந்தது.

அப்போதுதான் கார்டு.

கார்டு என்பது நாய். தவிட்டு நிறம். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். எந்த வண்டியிலிருந்து இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. பாயிண்ட்ஸ்மேன் கஞ்சி ஊற்றி வைத்துக்கொண்டார். வண்டி புறப்பட்டதும் அது கடைசிப் பெட்டியோடு பிளாட்பாரம் முடியும்வரை ஓடும். முடிகிற இடத்தில் சப்பென்று உட்கார்ந்து வண்டி மறையும்வரை பார்க்கும். "கொடி ஒண்ணுதாங்க கொறச்சல்" என்று சொல்லி பாயிண்ட்ஸ்மேன்தான் அந்தப் பெயரை வைத்தார். கடைசிப் பெட்டியில் நின்று கொடி காட்டும் நிஜக் கார்டுகளில் ஒருவர் இதைக் கேட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மற்றவர்கள் இட்லித் துண்டு எறிந்துவிட்டுப் போவார்கள்.

மழை பிடித்த மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பிட்டு முடித்து அம்மா தலை சாய்த்தாள். அப்பா ஸ்டேஷனில் இருந்தார். கொல்லைக் கதவுக்கு வெளியே கார்டு நின்றது. முழுக்க நனைந்து, வாலை ஆட்டிக்கொண்டு, 'வருகிறாயா இல்லையா' என்று கேட்பதுபோல முன்னங்காலால் படியைச் சுரண்டியது. என்னை அப்படி யாரும் கூப்பிட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பழைய பாவாடை ஒன்றை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

முதல் சொட்டு உச்சந்தலையில் விழுந்தபோது செத்துப்போய்விடுவேன் என்று உண்மையிலேயே நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. கார்டு என் பாவாடை நுனியைக் கவ்வி இழுத்தது. ஓடினோம்.

ரயில் பாதை போட்ட காலத்தில் மண் எடுத்த குழிகள் தண்டவாளத்தின் ஓரமாக நீளத்துக்கும் உண்டு. வெயில் காலத்தில் கருவை முள்செடி முளைத்துக் கிடக்கும். மழையில் நிரம்பினால் பால் விட்ட டீ நிறத்தில் தண்ணீர் நிற்கும். குட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த குழி எனக்கு இடுப்பளவு. கார்டு மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு அங்கிட்டும் இங்கிட்டும் நீந்தும். நான் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மிதப்பேன். கரையேறியதும் உடம்பை உதறும் பாருங்கள், என் மேல் விழுந்த மழையைவிட அது உதறியதுதான் அதிகம். ஈசல் கிளம்பிய நாளில் வாயைத் திறந்துகொண்டு குதித்துக் குதித்துத் தின்றது. சிக்னல் கம்பியில் சொட்டுகள் வரிசையாகத் தொங்கும். விரலால் ஒரு இழுப்பு இழுத்தால் கம்பி நெடுகச் சரம் சரமாக விழும். கார்டு அந்தச் சொட்டுகளைத் துரத்தும். செம்மண்ணில் வெல்வெட் துணி மாதிரி சிவப்புப் பட்டுப்பூச்சிகள் ஊர்ந்து வந்தால் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு தும்மல் போடும்.

குளிர் தாங்காவிட்டால் குட்ஸ் ஷெட்டுக்குள் போய்விடுவோம். கடலை மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பொந்து இருந்தது. கார்டு என் மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். ஈரச் சாக்கு வாசனை அடிக்கும் அதன் மேல். உள்ளே இருக்கும் சூடு மெல்ல என் விலாவுக்கு வரும். தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்காது. ஒருநாள் அந்தச் சத்தத்துக்குள் "அண்ணே" என்று கத்திப் பார்த்தேன். அந்த வார்த்தையை வீட்டில் யாரும் சொல்வதில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. கார்டுக்கு மட்டும் கேட்டிருக்கிறது. எழுந்து நின்று அதுவும் என்னோடு சேர்ந்து குரைத்தது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அண்ணன் செத்ததற்கு நான் அழுதது அன்றைக்குத்தான்.

ஈரத்தலையோடு எப்படி மாட்டிக்கொள்ளாமல் இருந்தாய் என்று கேட்பீர்கள். இடுப்பு வரை தொங்குகிற முடி எனக்கு, லேசில் காயாது. மாட்டாமல் தப்பியது ஒரு அதிர்ஷ்டம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். அந்த லீவு முழுக்க அம்மா தினமும் மூன்றரை மணிக்கு வெந்நீர் போட்டு எனக்குத் தலைக்கு ஊற்றிவிட்டாள். சாம்பிராணிப் புகை காட்டினாள். மிளகு தட்டிப்போட்டு ரசம் கொடுத்தாள்.

அப்பா ஒருநாள் கேட்டார். "என்ன இது, மழ நாளுல தெனமும் தலைக்கா?"

அம்மா கொஞ்சமும் தயங்காமல், "பேனுங்க. ஒங்க அக்கா வீட்டுலேர்ந்து ஒரு மூட்ட பேன் கொண்டாந்துருக்கா" என்றாள். அப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

என் தலையில் ஒரு பேன்கூடக் கிடையாது. அம்மா தப்பாக நினைத்துக்கொண்டாள், நமக்கு நல்லதாய்ப் போயிற்று என்று கார்டிடம் சொல்லிச் சிரித்தேன். சின்ன வயதில் நாம் எல்லோருமே பெரியவர்களைக் குருடர்கள் என்று நினைத்தோம் இல்லையா? எனக்கு மகள் பிறந்து, எங்கேயோ நனைந்துவிட்டு வந்த அவள் தலையைத் துவட்டும்போதுதான் உறைத்தது. அம்மா தூங்கவே இல்லை. கொல்லை ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறாள். ஒரு பிள்ளை மழையில் ஆடுவதை அவளும் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறாள். அப்பாவிடம் சொல்லமுடியாமல், தினமும் வெந்நீரை ஊற்றி என்னைக் காப்பாற்றியிருக்கிறாள்.

பதினெட்டாம் நாள் தூறல்தான். குழிக்கரையில் சொறித்தவளைகள் நிறைய வந்திருந்தன, கையகலம் ஒவ்வொன்றும். கார்டு அதுவரை சின்னத் தவளைகளை விரட்டிப் பழகியிருந்தது. அன்று ஒரு பெரிய சொறித்தவளையை லபக்கென்று கவ்வியது. கவ்விய வேகத்திலேயே துப்பியது. தலையை உதறியது. வாயிலிருந்து எச்சில் ஒழுக ஆரம்பித்து, அது வெள்ளை நுரையாகத் தள்ளியது. சோப்பைத் தின்றது மாதிரி இருந்தது. நான் முதலில் சிரித்தேன். அது முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டு முனகவும் பயம் வந்துவிட்டது. பாயிண்ட்ஸ்மேனிடம் காட்டலாம் என்று பிளாட்பாரத்துக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

அங்கே மழைக்கு ஒதுங்கி, சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, தண்டவாள வேலை பார்க்கும் கேங் ஆட்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்களுடைய மேஸ்திரி கார்டைப் பார்த்ததும் கையிலிருந்த பீடியைப் போட்டுவிட்டார்.

"ஐயா! வெளிய வாங்கய்யா! பாப்பாவ உள்ள கூப்புடுங்க. நாய்க்கு வெறி புடிச்சிருச்சு!"

மேஸ்திரியை நான் குற்றம் சொல்லமாட்டேன். அந்த வருஷச் சித்திரையில் அவர் ஊரில் ஒரு சின்னப் பையனை வெறிநாய் கடித்து, அவன் தண்ணீர்க் குடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அலறி அலறிச் செத்ததை அவர் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அப்பா வெளியே வந்தார். என் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துத் தன் பின்னால் நிறுத்தினார். அம்மா குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்துவிட்டாள். பாயிண்ட்ஸ்மேன் விளக்கு அறையிலிருந்து ஓடிவந்தார்.

"காலையிலகூட எங்கிட்ட கஞ்சி குடிச்சுச்சேய்யா. வெறியெல்லாம் இருக்காதுங்க" என்றார் பாயிண்ட்ஸ்மேன்.

"தண்ணியக் காட்டிப் பாத்துருவோம்" என்றார் மேஸ்திரி. "வெறின்னா தண்ணியப் பாத்து மெரளும். தெரிஞ்சுபோயிரும்."

எங்கள் பக்கத்தில் அதுதான் சோதனை. கார்டுக்குப் பாயிண்ட்ஸ்மேன் கஞ்சி ஊற்றும் ஈயத் தட்டை எடுத்துவந்து, நிறையத் தண்ணீர் ஊற்றி, ஒரு மூங்கில் குச்சியால் மெல்ல முன்னால் தள்ளினார்கள். கார்டு தூறலில் நின்றுகொண்டிருந்தது. காதிலும் மூக்கிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மழையில் நனைந்துகொண்டு நிற்கிற நாய்க்குத் தட்டில் தண்ணீர் காட்டினார்கள், ஒருவருக்கும் அது வேடிக்கையாகப் படவில்லை. கார்டு தட்டைப் பார்த்ததும் கஞ்சி என்று வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்தது. வாய் எரிந்திருக்கும், பாவம். முகத்தைத் திருப்பிக்கொண்டு, முனகிக்கொண்டே பின்னால் போனது.

"பாத்தீங்களாய்யா!" என்றார் மேஸ்திரி.

"அது தவளையக் கவ்வுச்சு!" என்று அப்பாவின் பின்னாலிருந்து கத்தினேன். "சொறித்தவளைய! நான் பாத்தேன்!"

"தவளையத் திங்காத நாய் எங்க பாப்பா இருக்கு? அதுக்கா நொர தள்ளும்?" என்றார் மேஸ்திரி.

நான் அம்மாவைப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று தெரியாது, குழந்தைகள் அம்மாவைத்தானே பார்க்கும். அம்மாவும் என்னைப் பார்த்தாள். வாய் திறந்தாள். 'அது தண்ணிக்குப் பயப்படுற நாய் இல்லீங்க' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அப்பா நம்பியிருப்பார். ஆனால் அதைச் சொன்னால், உங்கள் மகள் இத்தனை நாள் மழையில் நனைந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னதாகிவிடும். அண்ணன் நனைந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரிடம் அதை எப்படிச் சொல்வாள்? சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

ஆகவே நான் சொன்னேன். அடி விழும் என்று தெரிந்தே சொன்னேன். "அப்பா, அது தண்ணிக்குப் பயப்படாதுப்பா. தெனமும் என்கூடக் குழியில நீந்தும். இன்னைக்குக்கூட நீந்துச்சு. நான் அது வாலப் புடிச்சிக்கிட்டு மெதப்பேன்."

இதைவிடப் பெரிய சாட்சி இருக்க முடியாது என்று நினைத்தேன். அப்பா காதில் 'நீந்தும்' என்பது விழவே இல்லை. 'என்கூட' என்பது மட்டும்தான் விழுந்தது. அடிக்கவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து என் கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கயாச்சும் கடிச்சுச்சா ஆத்தா? பல்லு பட்டுச்சா?"

"இல்லப்பா."

முழங்காலுக்குக் கீழே கருவை முள் கீறிய கோடு ஒன்று இருந்தது. அதைத் தொட்டார். "இத நக்குச்சா?"

நேருக்கு நேர் கேட்டால் அப்பாவிடம் எனக்குப் பொய் வராது. "நக்குச்சு" என்றேன்.

அப்பா எழுந்து நின்றார். மேஸ்திரியைப் பார்த்து, "கொண்டு போயிருங்க" என்றார்.

கயிறு போட வேண்டியிருந்தது. யார் கூப்பிட்டால் வரும் என்று பார்த்து, பாயிண்ட்ஸ்மேனைப் போடச் சொன்னார்கள். "என்னால ஆவாதுங்கய்யா" என்று சொல்லிவிட்டு அவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். மேஸ்திரியே நீளக் கழியில் சுருக்குப் போட்டு மாட்டினார். கார்டு திமிறவில்லை. அதற்குள் அதன் வாய் சுத்தமாகியிருந்தது.

"ஐயா, பாருங்கய்யா, நொர நின்னுபோச்சு" என்றார் பாயிண்ட்ஸ்மேன்.

"மழ கழுவிவிட்ருக்கும்" என்றார் மேஸ்திரி.

தண்டவாளத்தின் ஓரமாக, சிக்னலைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். கார்டு அவர்களுக்கு நடுவில் வாலை ஆட்டிக்கொண்டே போனது. எங்கேயோ விளையாடக் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்திருக்கும். நான் அதற்கு அப்படிப் பழக்கியிருந்தேன். சாயங்கால பாசஞ்சர் வந்தது, புறப்பட்டது. கடைசிப் பெட்டியிலிருந்து நிஜக் கார்டு குனிந்து பிளாட்பாரத்தை முன்னும் பின்னும் தேடிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை வண்டியில் அப்பா என்னைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் என் முழங்காலைப் பார்த்தார், அப்பா சொன்னதையெல்லாம் கேட்டார்.

"நாய் எங்க சார் இப்ப?"

"அடிச்சாச்சு."

"அடடா. கட்டிப்போட்டுப் பத்து நாள் பாத்திருக்கலாமே. நாய் நல்லா இருந்தா வெறியில்லைன்னு அர்த்தம். ஊசியே தேவையில்ல. இப்ப எதை வச்சுச் சொல்றது? போட்டுத்தான் ஆகணும்."

அப்பா என் முழங்கால் கீறலைக் குனிந்து பார்த்தார். பிறகு, "நொர தள்ளி, அரை மணி நேரத்துல தானா நின்னுபோனா?" என்று மட்டும் கேட்டார்.

"வெறின்னா அப்படி நிக்காது சார்" என்று சொல்லிவிட்டு டாக்டர் சீட்டெழுதக் குனிந்தார்.

அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிந்தது என்பதும் அவருக்குப் புரிந்தது. அன்றைய ஊசி வலித்தபோது நான் அழவில்லை. அவர் பார்க்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அவர்தான் திரும்பிக்கொண்டார்.

அத்தை வீட்டிலேயே தங்கி மற்ற பதின்மூன்றையும் போட்டுக்கொண்டேன். அம்மா கூட இருந்தாள். ஊசி முடியும்வரை தலைக்குக் குளிக்கக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டாள், அம்மா தினமும் வறண்ட முடியைச் சும்மா சீவிக்கொண்டிருந்தாள். இதெல்லாம் நடந்து எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் மகளைக் கட்டிய மருமகன் மாட்டாஸ்பத்திரி டாக்டர். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "மழ வந்தா இதே தொல்லைங்க அத்தே, சொறித்தவளையக் கவ்விட்டு நாயி நொர தள்ளுது, வெறின்னு தூக்கிட்டு ஓடி வாராங்க. வாயில நல்லாத் தண்ணி ஊத்திக் கழுவுனா பெரும்பாலும் சரியாப் போயிரும்" என்றார். நான் கையில் சோற்றுக் கரண்டியோடு நின்றேன். அப்போது அப்பா உயிரோடு இல்லை. இருந்திருந்தாலும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டேன், அவருக்கு அது அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியிலேயே தெரிந்துவிட்டது.

இதுவரை சொன்னது நாயின் கதை. இனி சொல்லப்போவதை என் மகளிடம்கூடச் சொன்னதில்லை.

மார்கழியில் அரைப்பரீட்சை லீவுக்கு வந்தேன். மழை முடிந்துபோயிருக்க வேண்டிய மாதம். கடலில் ஏதோ காற்றுச்சுழி விழுந்து மூன்றாம் நாள் மறுபடியும் பிடித்துக்கொண்டது. மத்தியானம் அப்பா ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்தார். அந்த நேரத்தில் அவர் வந்ததே கிடையாது. நான் கொல்லைக் கதவோரம் உட்கார்ந்திருந்தேன்.

"ஆத்தா, மழ பெய்யிது" என்றார்.

எனக்கென்ன என்பதுபோல இருந்தேன்.

"போறதுன்னா போயி நனைஞ்சுட்டு வா. கொஞ்ச நேரந்தான்."

அடுப்படியில் அம்மா கையிலிருந்த கரண்டி நின்றது. நான் அசையவில்லை. அப்பா தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கோட்டைக் கழற்றினார். பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டுக்கொண்டு, மூன்று படியும் இறங்கி, கொல்லை நடுவில் போய் மழையில் நின்றார். அண்ணன் போனதிலிருந்து ஒரு தூறல்கூட என் மேலே படவிடாத மனிதர். அவர் தோள் ஒடுங்கி, பல் தந்தியடிப்பது எனக்குத் தெரிந்தது. குளிரினாலா, பயத்தினாலா என்று எனக்குத் தெரியாது.

"வா ஆத்தா" என்றார். "அப்பா கூட இருக்கேன்ல. ஒண்ணும் ஆவாது, வா."

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒன்பது வயதுக்கு அது தெரியாது என்று நீங்கள் ஆறுதல் சொல்ல வேண்டாம். மன்னிப்புத்தான் கேட்கிறார் என்று தெரிந்தது. கார்டுக்காகவும் கேட்டார், எனக்காகவும் கேட்டார், அண்ணனுக்காகவும் என்னிடமே கேட்டார். கேட்க அவருக்கு வேறு ஆள் இல்லை. மூன்று படி இறங்கினால் போதும். இறங்க வேண்டும் என்று கால் துடித்தது. ஆனால் அவருக்கு வலிக்க வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

மூக்குக்கண்ணாடியில் தண்ணீர் வழிந்து அவருக்கு என்னைத் தெரியவில்லை. கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டார், உடனே நனைந்தது. மறுபடியும் துடைத்தார். இன்னொரு கையை என் பக்கமாக நீட்டியபடியே வைத்திருந்தார்.

நான் எழுந்து கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனேன்.